கேள்வியும் பதிலும்: குழந்தையை முழுதாகப் பார்க்கும் ஆசிரியர்

குழந்தையின் உடல், பேச்சு, மனம், பழகும் முறை, அறிவு ஆகிய எல்லாவற்றின் வளர்ச்சியிலும் ஆசிரியருக்கு உள்ள பங்கு குறித்துக் கொங்கு மாவட்டங்களின் பெற்றோரும் ஆசிரியர்களும் கேள்விகள் அனுப்பியிருந்தனர். ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலும் பின்னர் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்திலும் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் கட்டுரையாளர் அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறார்.

நானும் என் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் எங்கள் மகளின் ஆசிரியை எங்களை அழைத்து, பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், காலையில் என்ன சாப்பிடுகிறாள், மாலையில் யாருடன் விளையாடுகிறாள் என்றெல்லாம் கேட்டார். பாடம் நடத்த வேண்டியவர் வீட்டு விவகாரத்தை ஏன் கேட்கிறார் என்று என் கணவருக்கு வருத்தம். இது ஆசிரியரின் வேலையா?
— ஒரு தாய், திருப்பூர்

அவருடைய வேலைதான் அம்மா. அந்த ஆசிரியை அதை நன்றாகவும் செய்கிறார் என்று உங்கள் கணவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பாடத்திட்டமும் மதிப்பீடும் குழந்தையின் அனைத்து வகை வளர்ச்சியையும் கருத்தில் கொண்டு அமைய வேண்டும் என்றும், உடல் திறனும் மனத் திறனும் இயன்ற மட்டும் முழுமையாக வளர வேண்டும் என்றும், அச்சமும் பதற்றமும் இன்றிக் குழந்தை கற்க வேண்டும் என்றும் கூறுகிறது. பெற்றோரைத் தவறாமல் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை எடுத்துரைப்பதை ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாக 24ஆம் பிரிவு வைத்திருக்கிறது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எட்டு வயதுக் குழந்தைக்கு நாள்தோறும் குறைந்தது 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். பெற்றோர் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு வீடு திரும்பி, சமைத்து, உண்டு முடிக்கும் வரை விழித்திருக்கும் குழந்தைக்கு மறுநாள் முற்பகலில் கணக்குப் பாடத்தின்போது கண் செருகத்தான் செய்யும். அதைக் கவனக்குறைவு என்று மதிப்பெண் அட்டையில் எழுதிவிடுவது எளிது. உங்கள் மகளின் ஆசிரியை அப்படி எழுதிவிடாமல் காரணத்தைத் தேடி உங்களிடம் வந்திருக்கிறார். காலை உணவைப் பற்றிக் கேட்டதும் இதனோடு சேர்ந்ததுதான். வெறும் வயிற்றோடு அமர்ந்திருக்கும் குழந்தையின் மனம் கரும்பலகையில் நிலைக்காது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. உங்கள் மகள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள் என்றால், வகுப்பு தொடங்குவதற்கு முன்பே உணவு வேளைக்குப் போய்ச் சேரும்படி அவளை அனுப்பிவிடுங்கள்.

விளையாட்டுத் தோழர்களைப் பற்றிய கேள்வி இன்னும் முக்கியமானது. லைன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, பெற்றோர் திரும்பும் வரை செல்போனோடு இருக்கும் குழந்தைகள் உங்கள் ஊரில் ஏராளம். முறை வைத்து விளையாடுவது, தோற்றால் பொறுத்துக்கொள்வது, சண்டையிட்டு மறுபடி சேர்வது ஆகியவற்றை மற்றக் குழந்தைகளோடு இருந்துதான் பிள்ளைகள் கற்கிறார்கள். வீட்டில் அந்த வாய்ப்பு இல்லை என்று தெரிந்தால்தான் பள்ளியில் அதற்கு நேரம் ஒதுக்க ஆசிரியருக்குத் தோன்றும். உங்கள் வேலை நேரத்தை அவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு சொல்: இத்தகைய கேள்விகளை மற்றப் பெற்றோர் காதில் விழும்படி கேட்பது முறையன்று, உழைக்கும் வீட்டின் நெருக்கடி ஊர்ப்பேச்சாகிவிட்டால் அந்தத் தாய் மறுமுறை பள்ளிப் படி ஏறமாட்டார்.

என் வகுப்பில் 36 பிள்ளைகள். எல்லாருடைய முழு வளர்ச்சியிலும் கவனம் வேண்டும் என்று பயிற்சியில் சொல்கிறார்கள். பாடத்தை முடிக்கவும் படிவங்களை நிரப்பவுமே நேரம் போதவில்லை. உடல், மனம், பழகுமுறை என்று ஒவ்வொருவரிடமும் எப்படிக் கவனிப்பது?
— ஓர் இளம் ஆசிரியை, பவானி வட்டம்

உங்கள் சுமை உண்மையானது. தொடக்க வகுப்புகளில் ஓர் ஆசிரியருக்கு 30 பிள்ளைகள் என்பதே சட்டம் வகுத்த அளவு. அதற்கு மேலும் ஆறு பேரைத் தாங்கிக்கொண்டு கேட்கிறீர்கள். ஆகவே முடியாததைச் செய்யச் சொல்லமாட்டேன்.

எல்லாரையும் எல்லா நாளும் கவனிக்க முயலாதீர்கள். நாளுக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால் ஒன்பது வேலை நாள்களில் வகுப்பு முழுவதும் உங்கள் கண்ணில் பட்டுவிடும். அந்த நால்வரையும் பாடம் நடக்கும்போது மட்டும் பார்க்காமல், பள்ளி வாசலில் நுழையும்போது, தட்டோடு வரிசையில் நிற்கும்போது, விளையாடும்போது, வீடு திரும்பும்போது பாருங்கள். ஒரு சாதாரண நோட்டில் ஆளுக்கு இரண்டு வரி எழுதினால் போதும். எழுதும்போது தீர்ப்பை எழுதாமல் கண்டதை எழுதுங்கள். ‘சோம்பேறி’ என்று எழுதினால் உங்களுக்கு அடுத்து செய்ய ஒன்றும் இருக்காது. ‘மூன்று நாளாக இரண்டாம் பாட வேளையில் மேசை மீது தலை சாய்த்தான்’ என்று எழுதினால் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி தானாக வரும். அந்தக் குழந்தைக்கு எது நன்றாக வருகிறது என்பதும் அந்த இரண்டு வரிக்குள் கட்டாயம் இருக்கட்டும்.

எதைப் பார்ப்பது? கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறதா, புத்தகத்தை முகத்தருகே பிடிக்கிறதா, கூப்பிட்டால் ஒரே பக்கமாகத் திரும்புகிறதா என்பவற்றைப் பாருங்கள். உங்கள் பகுதியில் வீட்டோடு விசைத்தறி ஓடும் குடும்பங்கள் உண்டு; அடுத்தவர் பேச்சுக் காதில் விழாத இரைச்சலில் வளர்ந்த குழந்தை வகுப்பில் உரக்கப் பேசினால் அதை முரட்டுத்தனம் என்று கொள்ள வேண்டாம். கேட்கும் திறனில் ஐயம் எழுந்தால், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவுக்காகக் காத்திராமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லும்படி பெற்றோரிடம் கூறுங்கள். அதற்கிடையில் அக்குழந்தையை முன்வரிசைக்கு மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

அடுத்தது பேச்சு. தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) தாத்தா பாட்டியோடு தனித்து வளர்ந்த குழந்தை, பள்ளிக்கு வந்த பிறகுதான் தன் வயதுப் பிள்ளைகளோடு முதன்முதலாக நாள் முழுக்க இருக்கிறது. அதற்கு வாய் திறக்கச் சில வாரங்கள் பிடிக்கும். அது ‘பொடக்காலி’ (வீட்டின் பின்புறம்) என்றும் ‘அக்கட்டால’ (அந்தப் பக்கம்) என்றும் சொல்லும்போது வகுப்பு சிரித்தால், முதலில் நிறுத்த வேண்டியது அந்தச் சிரிப்பைத்தான். நடந்ததைத் தன் வீட்டுப் பேச்சில் முழுவதுமாகச் சொல்ல விட்டு, அதன் பின் அதையே எழுத்துத் தமிழில் சேர்ந்து எழுதலாம். திருத்தம் முதலில் வந்தால் பேச்சு நின்றுவிடும்.

வளர்ச்சியின் ஒவ்வொரு பகுதிக்கும் தனி வகுப்பு வேண்டும் என்று எண்ணிக் கலங்காதீர்கள். அளத்தல் பாடத்தைக் கயிற்றோடு வெளியே கொண்டுபோய், நால்வர் கொண்ட குழுக்களாகப் பள்ளி முற்றத்தை அளக்கச் சொல்லுங்கள். ஒருவர் பிடிக்க, ஒருவர் அளக்க, ஒருவர் எழுத, ஒருவர் எல்லார்க்கும் அறிவிக்கட்டும். மறுமுறை வேலைகளை மாற்றிக் கொடுங்கள். கணக்கும் உடல் அசைவும் பேச்சும் பிறரோடு ஒத்துப்போவதும் அந்த ஒரே பாட வேளைக்குள் நடந்துவிடும். பவானியில் இருக்கும் உங்களுக்கு ஜமக்காளம் பெரிய வாய்ப்பு. நெசவு செய்யும் தாத்தா ஒருவரை வகுப்புக்கு அழைத்து, பட்டைகள் எந்த வரிசையில், எத்தனை இழை விட்டு மாறுகின்றன என்று அவரையே சொல்லச் செய்தால், வரிசையும் பெருக்கலும் பிள்ளைகளுக்கு விளங்கும். அந்தத் தாத்தாவின் பேரனோ பேத்தியோ வகுப்பில் இருந்தால் அன்று தலை நிமிர்ந்து உட்காரும்.

இன்னொன்று. தொடக்க வகுப்புகளில் எழுத்தறிவையும் எண்ணறிவையும் வளர்க்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைகளின் கற்றல் அளவைக் குறிக்கும் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் கற்பிப்பதற்காக வகுக்கப்பட்டவை. இன்று துணையோடு ஒரு குழந்தை செய்வதை நாளை தானே செய்யும் என்பது ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி (1896–1934) வலியுறுத்திய கருத்து. ஆகையால் ஒரு பிள்ளையை ‘அரும்புப் பையன்’ என்று ஆண்டு முழுதும் அழைக்கும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் அதை நீங்களாவது கைவிடுங்கள்.

எங்கள் பள்ளியில் பீகார், ஒடிசா தொழிலாளர்களின் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி சேர்ந்து நான்கு மாதமாகியும் வாய் திறக்கவில்லை. மந்தமான குழந்தை என்கிறார் உடன் பணிபுரிபவர். நான் என்ன செய்யலாம்?
— ஓர் ஆசிரியர், அவிநாசி வட்டம்

புதிய மொழிக்குள் வந்து சேரும் குழந்தைகள் பலர் முதலில் சில மாதங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. அந்த மௌனத்தில் அவர்கள் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே, அவள் பேசுகிறாளா என்று பார்ப்பதை விட்டு, புரிந்துகொள்கிறாளா என்று பாருங்கள். ‘கதவைச் சாத்து’, ‘நோட்டை எடு’ என்றால் மற்றவர்களைப் பார்த்துச் செய்கிறாளா, தானே செய்கிறாளா? தன் அம்மாவிடமோ தம்பியிடமோ தன் மொழியில் சரளமாகப் பேசுகிறாளா? வீட்டு மொழியிலும் பேச்சு வரவில்லை என்றால் மட்டுமே மருத்துவரின் உதவி தேவை. இதை அறியப் பெற்றோரிடம் பேச வேண்டும். தமிழும் இந்தியும் அறிந்த சக தொழிலாளி ஒருவர் எந்தக் கம்பெனியிலும் கிடைப்பார்.

வகுப்பில் பேசச் சொல்லி எழுப்பி நிறுத்தாதீர்கள். பேச்சு வேண்டாத வேலைகளில் அவளுக்கு இடம் கொடுங்கள்: படம் வரைதல், ஐந்தாங்கல், கும்மியில் கை தட்டுதல், சுண்ணக்கட்டி வழங்குதல். பொறுமையுள்ள ஒரு சிறுமியை அவளுக்குத் துணையாக்குங்கள். அவளுடைய மொழியில் தண்ணீர், சோறு, அக்கா ஆகியவற்றுக்குரிய சொற்களை வகுப்பு முழுவதும் கற்றுக்கொள்ளட்டும். இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. தாளவாடி மலைப்பகுதியில் கன்னடம் பேசும் வீடுகளிலிருந்து தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளையும் இதே பொறுமையோடு நடத்த வேண்டும். மந்தம் என்ற சொல்லை உங்கள் நண்பர் வகுப்பறைக்குள் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் அவள் முதலில் கற்கும் சொல் அதுவாகிவிடக் கூடாது.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. விளையாட்டுப் பாட வேளை, ஓவிய வகுப்பு எல்லாவற்றிலும் கணக்கும் அறிவியலும் நடத்துகிறார்கள். மதிப்பெண்ணுக்கு நல்லதுதானே என்று சில பெற்றோர் மகிழ்கிறார்கள். தங்கள் கருத்து?
— ஒரு தந்தை, இராசிபுரம்

நல்லது அன்று. வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு மணி நேர உடலியக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதற்குப் பள்ளியில் உள்ள சிறு பங்கையும் பறித்தால் எஞ்சுவது பேருந்துப் பயணமும் தனிப்பயிற்சியும்தான். மதிப்பெண் பந்தயத்தின் கேட்டை உணர்ந்துதான் 2017இல் தமிழக அரசு பொதுத்தேர்வுத் தரவரிசை அறிவிப்பதையே நிறுத்தியது.

கையும் உடலும் சேர்ந்து கற்பதே கல்வி என்ற எண்ணம் நம் கொங்கு மண்ணுக்குப் புதிதன்று. கல்வியாளர் தி. சு. அவினாசிலிங்கம் 1930இல் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம் காந்தியடிகளின் ஆதாரக் கல்வியை ஏற்று, படிப்போடு கைத்தொழிலையும் உடலுழைப்பையும் சேர்த்தே கற்பித்தது. அங்கே ஆசிரியப் பணி செய்த பெரியசாமித் தூரன்தான் பின்னாளில் 10 தொகுதிகள் கொண்ட தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பதிப்பாசிரியரானார்; குழந்தைகளின் மனத்தைப் பற்றித் தமிழில் நிறைய எழுதியவரும் அவரே. நீங்கள் தனியாகப் போய்க் கேட்டால் உங்கள் மகனைச் சுட்டுவார்கள் என்று அஞ்சினால், ஒத்த எண்ணமுடைய சில பெற்றோராகச் சேர்ந்து, கால அட்டவணையில் உள்ளபடி விளையாட்டு வேளை நடக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

ஐந்தாம் வகுப்பில் படிக்கும் என் பையன் எதைக் கேட்டாலும் வாயால் சரியாகப் பதில் சொல்வான். எழுதச் சொன்னால் எழுத்துகள் மாறுகின்றன. வாசிக்கும்போது வரி தவறுகிறான். வேண்டுமென்றே எழுத மறுக்கிறான் என்று சொல்லி அடித்தும் விட்டார்கள்.
— ஒரு விவசாயி, கோபிசெட்டிபாளையம்

அடித்தது சட்டத்துக்குப் புறம்பானது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. தலைமையாசிரியரிடம் அதை நேரில் தெரிவியுங்கள்.

பையனைப் பற்றி: நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் கற்றல் குறைபாட்டின் காரணமாகவும் இருக்கலாம், பார்வைக் குறைவு போன்ற வேறு காரணத்தாலும் இருக்கலாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். அவை சரியாக இருந்தால், உங்கள் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்க ஏற்பாடு செய்யும்படி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்; உரிய வல்லுநர் சோதித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். ஆசிரியரோ நானோ கடிதத்தைப் பார்த்துப் பெயர் சூட்டக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிட்டுள்ள 21 வகைகளுள் கற்றல் குறைபாடும் ஒன்று என்பதால், சான்று பெற்ற மாணவர்களுக்குத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு.

அந்தச் சான்று வரும் வரை ஆசிரியர் கை கட்டி இருக்க வேண்டியதில்லை. அவனுடைய விடைகளை வாய்மொழியாகக் கேட்டு மதிப்பிடலாம். எல்லார் முன்னும் உரக்க வாசிக்கச் சொல்லாமல் இருக்கலாம். வரியின் கீழ் அட்டைத் துண்டு வைத்து வாசிக்கப் பழக்கலாம். பத்து வரிக்குப் பதில் மூன்று வரி எழுதச் சொல்லி, அந்த மூன்றும் சரியானால் பாராட்டலாம். நன்றாகப் பேசுகிற பையன் என்கிறீர்கள்: காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி சொல்லும் பொறுப்பை அவனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். பத்து வயதில் ‘எனக்குப் படிப்பு வராது’ என்று ஒரு குழந்தை முடிவு செய்துவிட்டால், எழுத்துப் பிழையைவிட அதைத் திருத்துவது கடினம்.

மதிய உணவின்போது பிள்ளைகள் தெருவாரியாகப் பிரிந்து உட்காருகிறார்கள். வீட்டில் சொல்லி அனுப்புகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஊர்ப் பெரியவர்களைப் பகைக்காமல் இதில் ஓர் ஆசிரியர் தலையிட முடியுமா?
— ஓர் ஆசிரியர், கரூர் மாவட்டம்

தலையிட்டே ஆக வேண்டும். பிறரைச் சமமாகக் கருதப் பழகுவதும் குழந்தையின் வளர்ச்சிதான். அதில் குறை வைத்துவிட்டு மற்றவற்றில் எத்தனை மதிப்பெண் வாங்கிக் கொடுத்தும் பயனில்லை. பள்ளிகளில் சாதிப் பிரிவினையைக் களைவது பற்றி நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அரசிடம் அளித்த அறிக்கை, மாணவர்களை அகர வரிசைப்படி அமர வைக்கப் பரிந்துரைத்தது. உணவு வரிசைக்கும் அதையே பின்பற்றுங்கள். வருகைப் பதிவேட்டு எண்படி உட்கார வேண்டும் என்பது பள்ளியின் ஒழுங்கு என்றால் யாரையும் சுட்டிப் பேச வேண்டியிருக்காது. நீங்களும் அதே வரிசையில் உட்கார்ந்து அதே சோற்றை உண்ணுங்கள். கூட்டுவது, தண்ணீர் எடுப்பது போன்ற வேலைகள் சுழற்சி முறையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வருகின்றனவா என்று பாருங்கள். கழிப்பறையைக் கழுவும் வேலையை எந்தப் பிள்ளையிடமும் கொடுக்கக் கூடாது. ஊரில் யாரேனும் கேட்டால், தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் ஒரே பதிலைச் சொல்லும்படி முன்னரே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டுக்குப் போகவே அஞ்சுகிறாள். உறவினர் ஒருவர் தவறாக நடப்பதாக அரைகுறையாகச் சொன்னாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என்னிடம் உறுதி கேட்கிறாள்.
— ஓர் ஆசிரியை, அந்தியூர் வட்டம்

அந்த உறுதியை நீங்கள் கொடுக்க முடியாது. அதை அவளிடம் அன்போடு சொல்லிவிடுங்கள். அவள் உங்களிடம் வந்து சொன்னது நல்ல முடிவு, அவள்மீது தவறில்லை, அவளுக்கு உதவக் கூடியவர்களிடம் மட்டும் சொல்வீர்கள் என்று தெளிவாக்குங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, இத்தகைய குற்றம் நடந்ததாக அறிய வந்தவர் காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது. குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் இன்றே அழையுங்கள். மீண்டும் மீண்டும் கேட்டு விவரம் திரட்ட வேண்டாம். அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே தேதியிட்டு எழுதி வையுங்கள். உறவினரை அழைத்துப் பேசுவதும், ஊர்ப் பஞ்சாயத்தில் முடிக்க இடம் தருவதும் அவளை மேலும் ஆபத்தில் தள்ளும். ஓய்வறையில் இது பேச்சாகக் கூடாது.

நான் தறி ஓட்டுகிறேன். பள்ளிக் கூட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடுகிறது. போனாலும், “பையன் நல்லாப் படிக்கிறானுங்களா?” என்பதற்கு மேல் கேட்கத் தெரியவில்லை. வேறு என்ன கேட்கலாம்?
— ஒரு தந்தை, பல்லடம்

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். எனவே கூட்ட நேரத்தை மாலையில் வைக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில் தறி நிற்கும் என்றால் அன்று வைத்தாலும் பலர் வருவார்கள்.

கேட்க வேண்டியவை இவைதாம்: என் பையன் யாரோடு சேர்ந்திருக்கிறான்? எப்போது சிரிக்கிறான், எப்போது ஒதுங்குகிறான்? எந்த வேலையைச் சொல்லாமலே செய்கிறான்? சந்தேகம் வந்தால் உங்களிடம் கேட்கிறானா? இவற்றுக்கு ஆசிரியர் உடனே பதில் சொல்லாவிட்டால் வருந்தாதீர்கள். அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன் என்றால், அந்த வாரம் முழுவதும் அவர் கண் உங்கள் பையன்மீது இருக்கும். உங்கள் பங்குக்கு, வீட்டில் அவன் எதைப் பழுது பார்க்கிறான், எதற்குப் பயப்படுகிறான், எந்தப் பாட்டைப் பாடுகிறான் என்று நீங்களும் அவரிடம் சொல்லுங்கள். கூட்டத்துக்குப் போக முடியாத மாதத்தில் இதை ஒரு தாளில் எழுதிப் பையனிடமே கொடுத்தனுப்பலாம். எழுத வராவிட்டால் நீங்கள் சொல்ல அவனே எழுதட்டும்.